வாய் பிளந்து நிற்கும் வியாதி

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி போகும்போது யாரும் பேசுவதில்லை. பேசி என்ன பிரயோஜனம், பேசுகிறவனுக்கே கேட்காது. அதற்காக நாங்கள் வாயை மூடிக்கொள்வதும் இல்லை. எந்த எழுத்தில் வண்டி வந்ததோ, அந்த எழுத்திலேயே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்போம். கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். குழாயடியில் சண்டை போடும் பெண்கள் "உன் மூஞ்சில" என்று கையை நீட்டியபடி நின்று, அத்தனை பெட்டியும் போனபிறகு "என் செருப்ப வெக்க" என்று முடிப்பதை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். எதிராளியும் ஓட மாட்டாள். மீதியைக் கேட்காமல் போவது மரியாதையில்லை என்று அவளும் நிற்பாள். எங்கள் தெருக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை தாலியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். நாயனக்காரர் உப்பிய கன்னத்தோடு நின்றார். வண்டி போனதும் கல்யாணம் நடந்தது. இதெல்லாம் ஒரு வியாதி என்று வெண்சங்கு பள்ளிக்கூடம் கண்டுபிடித்துச் சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாது.

வெண்சங்கு இன்டர்நேஷனல் நர்சரி பிரைமரி பள்ளி, தண்டவாளத்தை ஒட்டிய மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. மொட்டைமாடியில் நின்று பார்த்தால் துறைமுகத்திலிருந்து வரும் சிங்கப்பூர் கன்டெய்னர் தெரியும், அதனால்தான் 'இன்டர்நேஷனல்' என்று ஷேர் ஆட்டோ ஓட்டும் வெற்றி சொல்வான். கிண்டல் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். அவனுடைய ஒரே மகள் மதி அங்கே ஒன்றாம் வகுப்பு. மனைவி கார்குழலி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. தையல் என்றால் முழுச் சட்டை இல்லை, பை மட்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் யார் யாருடைய சட்டைக்கோ பை வைத்துக்கொண்டே இருப்பாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது கூடவே ஒரு புதிய பிரிவையும் திறந்தார்கள். பெயர் 'குழந்தைகள் நடத்தைக் கோளாறு முன்கண்டறிதல் பிரிவு'. ரிப்பன் வெட்டியவர் பள்ளியின் தாளாளர். அவர் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கும். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமல் நேராகத் தலைவலிக்கு மாத்திரை கேட்டவர்கள் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

"முன்பெல்லாம் குழந்தை சேட்டை செய்தால் நாம் அடித்தோம்," என்றார் தாளாளர் மைக்கில். "அது காட்டுமிராண்டித்தனம். இன்று விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது. இப்போது நாம் அடிப்பதில்லை, பெயர் வைக்கிறோம். கோளாறு கண்டறியப்படாத ஒரு குழந்தைகூட இந்தப் பள்ளியில் இல்லை என்ற நிலையை உருவாக்கிவிட்டுத்தான் ஓய்வேன்."

பெற்றோர்கள் கைதட்டினோம். தட்டினால்தான் பிஸ்கட் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

முதல் வேலையாக ஒரு கண்காணிப்பு அறை கட்டினார்கள். ஏசி போட்டு, நாலு சுவருக்கும் மெத்தை ஒட்டி, வெளிச் சத்தம் துளியும் உள்ளே வராதபடி செய்த அறை. அதிலிருந்து ஒன்றாம் வகுப்பைப் பார்க்கப் பெரிய கண்ணாடி. நிபுணர்களின் கவனம் சிதறக்கூடாதாம். இடம் வேண்டுமே, அதனால் பிள்ளைகளின் கக்கூஸை இடித்துவிட்டு அங்கே கட்டினார்கள். கட்டி முடித்த வாரமே வகுப்பில் நெளிகிற பிள்ளைகளின் எண்ணிக்கை கிடுகிடுவென்று கூடிவிட்டது. "பார்த்தீர்களா, இவ்வளவு நாளாக மறைந்திருந்த நெளிதல் கோளாறு, அறை வந்ததும் வெளியே வந்துவிட்டது," என்று தாளாளர் பெருமைப்பட்டார்.

இரண்டாவதாக, சீருடையில் பைக்குத் தடை. பை இருந்தால் பிள்ளை அதில் கைவிடும், கைவிட்டால் கவனம் சிதறும், அது ஓர் அறிகுறி. இருந்த பைகளையும் பிரித்துவிடச் சொன்னார்கள். கார்குழலி கம்பெனியில் பகலெல்லாம் பை வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மகளின் கவுனில் பை பிரித்தாள். "கலீஜ் புடிச்ச ரூல்ஸு," என்று நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

மூன்றாவதுதான் நன்னடத்தை முத்து. நல்லபடி நடக்கும் பிள்ளைக்குப் பச்சைப் பட்டாணி அளவில் ஒரு முத்து. எடுத்து எறிந்தாலும் யாருக்கும் அடிபடக்கூடாது என்று ஸ்பாஞ்சில் செய்திருந்தார்கள். முத்தை எப்போதும் தன் உடம்போடு வைத்திருக்க வேண்டும், தொலைத்தால் நன்னடத்தையே தொலைந்ததாக அர்த்தம். முதல் வாரமே மதி இரண்டு முத்து வாங்கிவிட்டாள். வெற்றி அன்று சவாரி வந்தவர்களிடமெல்லாம், "நம்ம பொண்ணு முத்து வாங்கிக்கினு வந்துக்கீதுபா," என்று சொல்லிக்கொண்டே போனான். ஒரு அம்மாள் கழுத்துக்கா காதுக்கா என்று விசாரித்தாள்.

அதற்கப்புறம்தான் பேஜாரு ஆரம்பித்தது.

பள்ளி வாசலில் ஒரு பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். 'உங்கள் குழந்தையிடம் இந்த அறிகுறிகள் உண்டா?' பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது, சொன்ன வேலையைச் செய்யாது, காரணமில்லாமல் கத்தும், வரிசையில் நிற்காது என்று போய்க்கொண்டே இருந்தது. கார்குழலி முழுவதும் படித்துவிட்டு, "யோவ், இது அப்படியே நீதான்யா. உன் போட்டோ ஒண்ணுதான் போடல," என்றாள். வெற்றி சிரித்தான். அவன் சிரித்த அன்றைக்கே டெபோரா மேடம் கூப்பிட்டு அனுப்பினார்.

டெபோரா மேடம் அந்தப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர். ஜூன் மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவர், அந்த ஏசி அறை கட்டி முடித்த நாளிலிருந்து அதை விட்டு வெளியே வந்ததில்லை, கண்ணாடி வழியாக ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையைத்தான் பார்ப்பார்.

"உங்க பொண்ணு கூப்பிட்டா திரும்பறதில்ல. கொஸ்டின் கேட்டா வேற ஏதோ சொல்றா. கத்திக் கத்திப் பேசறா. க்ளாசிக் கேஸ்," என்றார்.

"மேடம், முத்துகூட வாங்குச்சே மேடம்," என்றான் வெற்றி.

"அந்த முத்து எங்கன்னு கேளுங்க. தொலைச்சிட்டா."

பக்கத்தில் நின்ற மதியிடம் கார்குழலி கேட்டாள். அவள் காதில் விழாத மாதிரி நின்றாள். கார்குழலி குனிந்து உரக்கக் கேட்டாள். "பத்ரமா கீதும்மா!" என்று அறை அதிரக் கத்தினாள் மதி.

"பாத்தீங்களா? கத்தறா. பொய் வேற," என்று டெபோரா மேடம் இரண்டையும் குறித்துக்கொண்டார். பிறகு வெற்றியைப் பார்த்தார். "நீங்க ஏன் என் முகத்தைப் பாத்துப் பேசல? எதுக்கு வலது பக்கம் மேல பாக்கறீங்க?"

வெற்றிக்கு அப்போதுதான் உறைத்தது. வருஷக்கணக்காக ஆட்டோவில் பின்னால் இருப்பவர்களிடம் கண்ணாடியைப் பார்த்தே பேசிப் பழகியவன், எதிரில் ஆள் இருந்தாலும் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தே பேசுவான். அதைச் சொன்னான். "பரம்பரை," என்று எழுதிக்கொண்டார் மேடம்.

பிறகு மதியை வீடு வரையச் சொன்னார்கள். ஜாடையில் காட்டியதும் வரைந்தாள். வீடு, வாசலில் அம்மா, ஆட்டோ. கூரையை ஒட்டி நீளமாகக் கறுப்பாக ஒன்று.

"வீட்டை ஒரு கறுப்புப் பாம்பு சுத்தியிருக்கு. ஆழ்மனசுல பயங்கரமான அச்சம்," என்றார் மேடம்.

"அது கூட்ஸு வண்டி மேடம். எங்க வூடு அங்கதான் கீது," என்றான் வெற்றி.

"பெற்றோர் மறுப்பு. அதுவும் ஓர் அறிகுறிதான்."

கார்குழலிக்குப் பொறுக்கவில்லை. "சரி மேடம், கண்டுபுடிச்சிட்டீங்கோ. கண்டுபுடிச்சதுக்கு அப்பால புள்ளைக்கு இன்னா பண்ணுவீங்கோ?"

டெபோரா மேடத்தை அதுவரை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது. "அடுத்த குழந்தையைக் கண்டுபிடிப்போம்," என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய நிபுணர் ஒருவர் வருவதாகவும், அவர் பார்த்துத் தீராத கோளாறு என்று சொல்லிவிட்டால் டி.சி. கொடுத்துவிடுவோம் என்றும் அதே மூச்சில் சொன்னார்.

அன்றைக்கு வெற்றி வீட்டில் சோறு இறங்கவில்லை. மதி வழக்கம்போல டி.வி.யை உச்சத்தில் வைத்துக்கொண்டு பொம்மைப் படம் பார்த்தாள். "மதி, சத்தத்தக் கொறடி," என்று கார்குழலி கத்தினாள். திரும்பவே இல்லை. முதுகில் ஒன்று வைக்கப் போன கை பாதியில் நின்றது.

"நல்லாத்தானேய்யா இருந்துச்சு. இப்ப திடீர்னு பேச்ச கேக்க மாட்டேங்குதே. மெய்யாலுமே எதுனா கொறையா இருக்குமா?" என்றாள்.

"சே, வாய கழுவு," என்றான் வெற்றி. சொல்லிவிட்டான் என்றாலும் அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. இந்தப் பள்ளியை விட்டால் பெண்ணைச் சேர்க்க வேறு இடமே இல்லை என்றில்லை. கோளாறு என்று எழுதிக் கொடுத்த பெண்ணை எந்த இடத்தில் சேர்ப்பது என்பதுதான் அவன் கவலை.

வெள்ளிக்கிழமை நிபுணர் வந்தார். கூவத்துக்கு அந்தப் பக்கத்து ஆள். இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை என்று இறங்கும்போதே சொன்னார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி. காரிலிருந்து நேராகக் கண்காணிப்பு அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். உள்ளே நிபுணர், தாளாளர், டெபோரா மேடம். பெற்றோர் தரப்பில் ஒருவர் பேசாமல் உட்காரலாம் என்பதால் ஓரத்தில் வெற்றி. கார்குழலிக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாபிரா மிஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. கண்ணாடிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து, புதுச் சேலை கட்டியிருந்தார். மதியை எழுப்பிவிட்டுப் பாட்டுச் சொல்லச் சொன்னார். மதி கைகட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். சத்தம் எதுவும் உள்ளே கேட்கவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

நிபுணரின் டீயில் வட்ட வட்டமாக அலை எழும்பியது. அவர் ஏசியைப் பார்த்தார். வெற்றிக்குப் புரிந்துவிட்டது, கூட்ஸ் வருகிறது.

வகுப்பு நின்றது. எதையோ திருத்தப் போன சாபிரா மிஸ் ஒரு விரலை நீட்டி, வாயைப் பாதி திறந்தபடி நின்றார். பக்கத்துப் பெண்ணிடம் பென்சில் கேட்ட பையன் கேட்ட வாயோடு நின்றான். அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளை, அழுகையின் நடுவில், நாக்கு தெரிய நின்றது. கதவோரம் வந்த ஆயா வாளியோடு நின்றாள்.

"கடவுளே," என்றார் நிபுணர். பேனா கீழே விழுந்தது. "வகுப்பு முழுக்க! ஆசிரியைக்கும்! ஒரே நேரத்தில்!"

"சார், இது இந்தியாவிலேயே முதல் கேஸா இருக்குமா சார்?" என்றார் தாளாளர்.

"உலகத்திலேயே."

தாளாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பள்ளிக்கூடத்துல," என்றார்.

"சார், அது கூட்ஸு சார்," என்றான் வெற்றி. "வண்டி போசொல்லோ நாங்கோ எல்லாரும் இப்டித்தான் நிப்போம். வண்டி போய்ட்டா சரியாப் பூடும்."

நிபுணர் அவனைப் பரிவோடு பார்த்தார். "இந்த இடத்தில் ரயில் எத்தனை காலமாகப் போகிறது?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து சார்."

"கோளாறு இன்றைக்குத்தானே கண்டுபிடிக்கப்பட்டது? பிறகு ரயில் எப்படிக் காரணமாக இருக்கும்?"

வெற்றிக்கு அதில் ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

"ஒரு குழந்தைக்கு மட்டும் பாதிப்பில்லை!" என்று டெபோரா மேடம் கண்ணாடியில் விரலை வைத்தார். "அதோ பாருங்க, சரளமா பேசிக்கிட்டே இருக்கா. அட, இவ மதி!"

"எந்த மதி? டி.சி. மதியா?" என்றார் தாளாளர்.

"டி.சி.யைக் கிழித்துப் போடுங்கள்," என்றார் நிபுணர். "பூரண ஆரோக்கியம். இந்த வட்டாரத்திலேயே சரியாக இருக்கும் ஒரே குழந்தை இதுதான்."

வெற்றிக்கு அப்பாடா என்று இருந்தது. மனசு குளிர்ந்து போயிற்று. முதலில் கார்குழலிக்கு போன் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மகளைப் பார்த்தான். கைகட்டி, தலையை ஆட்டி ஆட்டிப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றி அத்தனை பேரும் நின்றுபோயிருக்க, அவள் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கொருக்குப்பேட்டையில் பிறந்த பிள்ளை. பேச்சு வந்த நாளிலிருந்து வண்டி வந்தால் நிற்கிற பிள்ளை.

ஏன் நிற்கவில்லை?

கூப்பிட்டால் திரும்பாதது, கத்திப் பேசுவது, டி.வி. உச்சத்தில் இருப்பது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து நெஞ்சில் இடித்தது.

"சார்! எம் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல சார்!" என்று எழுந்தான்.

"உட்காருங்கள். உங்கள் பெண் ஒருத்திதான் நன்றாக இருக்கிறாள்."

"ஐயோ இல்ல சார், அதுக்கு இன்னாவோ ஆய்ட்ச்சி!"

"மகள் நலம் என்றதும் தகப்பன் அலறுகிறார். குறித்துக்கொள்ளுங்கள்," என்றார் நிபுணர்.

வெற்றி அதற்குமேல் நிற்கவில்லை. "எம் பொண்ணுக்குக் காது கே" என்று கத்திக்கொண்டே பாய்ந்து கதவைத் திறந்தான். கூட்ஸ் வண்டியின் அத்தனை இரைச்சலும் அந்த மெத்தை அறைக்குள் திபுதிபுவென்று புகுந்தது. வெற்றி 'கே'யில் நின்றான். பழக்கதோஷம், பெற்ற மனசு பற்றி எரிந்தாலும் வாய் தானாக நின்றுவிடுகிறதே! உள்ளே "கதவை மூ" என்று நிபுணர் நின்றார். "சார் டீ" என்று தாளாளர் நின்றார். டெபோரா மேடத்தின் வாயிலிருந்து எதுவும் வருவதற்கு முன்பே நின்றுவிட்டது, ஆனால் வாய் திறந்திருந்தது. பள்ளிக்கூடம் மொத்தமும் வாய் பிளந்து நிற்க, உதடு அசைந்துகொண்டிருந்தது மதிக்கு மட்டும்தான்.

கடைசிப் பெட்டி போயிற்று.

"க்கலடா!" என்று வெற்றி முடித்தான். வகுப்புக்குள் ஓடி மகளை வாரித் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான்.

நிபுணர் தன் தாடையை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். "தொற்றிக்கொள்கிறது," என்றார். "எனக்கும் வந்துவிட்டது." அவர் கார் கிளம்பிய வேகத்தில் வாசல் போஸ்டர் பாதி கிழிந்துபோனது. பள்ளிக்கு விடுமுறை விட்டுப் பெஞ்சுக்கெல்லாம் மருந்து தெளித்தார்கள்.

ராயபுரம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டை வார்டில் வரிசை நீளமாக இருந்தது. கார்குழலி கம்பெனியிலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். உள்ளே நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்து, "அட," என்றார். டாக்டர் ஒல்லியான இடுக்கியை விட்டு வலது காதிலிருந்து ஒன்றை எடுத்தார். இடது காதிலிருந்து இன்னொன்றை எடுத்தார். குரும்பி அப்பி ஊறிப்போன இரண்டு ஸ்பாஞ்சு உருண்டைகள்.

"இன்னாது இது?" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள் கார்குழலி.

"முத்தும்மா," என்றாள் மதி. "ஒடம்போடவே வெச்சிக்கணும்னு சொன்னாங்கோ. கவுன்ல பை இல்லியே. அதான் பத்ரமா வெச்சேன்." பிறகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஏம்மா இப்டி கத்துற?"

கார்குழலி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஊருக்கெல்லாம் பை வைத்துக் கொடுக்கிறவள், தன் கையாலேயே மகளின் பையைப் பிரித்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். வெற்றி நர்ஸின் காலில் விழப்போனான். அவர் நகர்ந்துகொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதையெல்லாம் வெற்றி தாளாளரிடம் போய்ச் சொன்னான். தாளாளர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் அதற்குள் ரயில்வே கேட்டில் பேனர் வைத்தாகிவிட்டது. கூப்பிய கையோடு தாளாளர் முழு உயரத்துக்கு நிற்க, அவர் முழங்கால் அருகே மதி. 'கொருக்குப்பேட்டையின் ஒரே ஆரோக்கியக் குழந்தை! உருவாக்கியது வெண்சங்கு!' பேனரை எல்லாம் இனி மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

பாராட்டு விழா பள்ளி மைதானத்தில் நடந்தது. தெருவே திரண்டு போயிருந்தோம். தாளாளர் பேசினார்: "இந்த மண்ணில் குழந்தை முதல் ஆயா வரை எல்லாருக்கும் கோளாறு என்று நிரூபித்துவிட்டோம். இனி நம் பள்ளிக்கு எதிர்காலம் உண்டு. தப்பிய ஒரே குழந்தைக்கு மூன்றாவது நன்னடத்தை முத்து!"

மதி மேடையேறினாள். அவள் கவுனில் இரண்டு பக்கமும் பை இருந்தது. கம்பெனித் தையல், இரட்டைத் தையல், இழுத்தாலும் பிரியாது. முத்தை வாங்கினாள். மைக்கைப் பிடித்து, சாபிரா மிஸ் சொல்லிக்கொடுத்தபடி ஆரம்பித்தாள்.

"வந்திருக்கும் எல்லாருக்கும் என் நன்"

வண்டி வந்தது.

மதி நின்றாள். வாயைத் திறந்தபடி, முத்தைப் பிடித்த கையைத் தூக்கியபடி, அசையாமல் நின்றாள்.

கூட்டத்தின் நடுவில் வெற்றியும் கார்குழலியும் வாய் பிளந்து நின்றார்கள். சந்தோஷத்தில் அலற வேண்டும் போலிருந்தது, முடியவில்லை. நீளமான வண்டி வேறு. இரண்டு பேருக்கும் கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டிக்கொண்டே இருந்தது.

கடைசிப் பெட்டி போயிற்று.

"றி!" என்றாள் மதி.

"ஐயோ, இவளுக்குமா!" என்று தாளாளர் பதறிப்போய் அவள் கையிலிருந்த முத்தைப் பிடுங்கினார். "இவளுக்கும் வந்துவிட்டதே!"

"ஆமா சார்!" என்று வெற்றி நாற்காலி மேல் ஏறிக் கத்தினான். "எம் பொண்ணுக்கும் வந்துட்ச்சி சார்!"

மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அவன் ரயில்வே கேட்டுப் பக்கம் போனான். போகிற வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனான். எல்லாரும் அவனுக்குக் கை கொடுத்தார்கள்.